பல்லாங்குழியையே கொடுத்து அனுப்புங்கள்

தம்பி, உங்கள் கேள்விகளை இரண்டு முறை படித்தேன். டெக்சஸில் டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மகள் இரண்டாம் வகுப்பு, பையைத் திறந்தால் வண்ணத்தாளும் பசையும்தான் இருக்கின்றன, இவர்கள் எப்போதுதான் பாடம் நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் கொடியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்கிறாளாம். நாம் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே, அது சரியா என்கிறீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, தனக்குப் பிடித்த பொருளை வகுப்பில் காட்டிப் பேசும் ‘ஷோ அண்ட் டெல்’ அன்று பாட்டியின் பல்லாங்குழியைக் கொண்டுபோவேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள், பளிச்சென்று வேறு ஏதாவது வாங்கித் தரலாமா என்றும் கேட்கிறீர்கள்.

நான் டாலஸ் பக்கம் குடிவந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகளை இங்கேயே படிக்கவைத்தேன். ஆறு ஆண்டுகள் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியைக்கு உதவியாளராக வேலை பார்த்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

உறுதிமொழியை முதலில் முடித்துவிடுவோம். டெக்சஸில் நாட்டுக் கொடிக்கு ஒன்று, மாநிலக் கொடிக்கு ஒன்று என்று தினமும் இரண்டு உறுதிமொழிகள், அதன்பின் ஒரு நிமிட மௌனம். இது மாநிலச் சட்டம். பிள்ளை சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. கொடி வணக்கம் தங்கள் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகள் மறுத்தார்கள், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் பக்கம் நின்றது. மூன்றே ஆண்டுகளில், 1943இல், மேற்கு வர்ஜீனியா வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றி, எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்காலத்தில் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான். என் மகன் கடைசிவரை சொன்னான். மகள் நான்காம் வகுப்பில் சில மாதங்கள் எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. ஆசிரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் மகளுக்கு அதன் பொருளை விளக்குங்கள், பிறகு அவள் விருப்பம் என்ன என்று கேளுங்கள்.

இப்போது அந்த வண்ணத்தாள் விஷயம். பொத்தானோ பாசிமணியோ 100 எண்ணிக் கொண்டுவரச் சொல்வார்கள். பள்ளி தொடங்கி நூறாவது நாளைக் கொண்டாடுகிறார்கள் என்று நமக்குத் தோன்றும், உள்ளே பத்துப் பத்தாகக் கூட்டும் கணக்கு இருக்கிறது. பிப்ரவரி 14 வந்தால் வகுப்பின் பெயர்ப் பட்டியல் வீட்டுக்கு வரும். காதலர் தினமா என்று பதற வேண்டாம். இந்த வயதில் அது நட்பு வாழ்த்து. கொடுப்பதென்றால் பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும், ஒரு குழந்தையும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் அங்கே பாடம். மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதுவரை மதிப்பெண்ணைப் பற்றிய கவலையை ஓரமாக வையுங்கள்.

நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது வேறொன்று. அவள் கொண்டுவரும் தாள்களில் ‘எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால்’ என்று தொடங்கும் நாலு வரிகள் இருக்கும். பூனை நல்லதா நாய் நல்லதா, மதிய இடைவேளையை நீட்ட வேண்டுமா என்று சின்னச் சின்னக் கேள்விகள்தான். பூனை என்று எழுதினாலும் சரி, நாய் என்று எழுதினாலும் சரி. ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும் தாள் திரும்பி வரும். ஆசிரியர் சொன்ன விடையை வரி பிசகாமல் எழுதி வளர்ந்த எனக்கு இதன் அருமை புரியவே சில ஆண்டுகள் ஆயின. புரியாத காலத்தில் ஒரு தவறும் செய்தேன். டெக்சஸ் வரலாற்றில் பேர்பெற்ற அலாமோ கோட்டையின் மாதிரியை மகனைச் செய்துவரச் சொன்னார்கள். நானும் அவன் அப்பாவும் இரவு ஒரு மணிவரை உட்கார்ந்து, அட்டையில் அழகாகக் கட்டி முடித்தோம். மறுநாள் மற்றப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு, இந்தச் சுவரை எப்படி வளைத்தாய், ஏன் இந்த நிறம் என்று ஆசையாகக் கேட்டார்கள். அவன் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று நான் உதவிக்குப் போயிருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு அவனுடைய எந்த வேலையிலும் நான் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை.

மேல் வகுப்பில் ‘வேக்ஸ் மியூசியம்’ என்று ஒன்று வைப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மனிதரைப் பற்றிப் படித்து, அவர்போல் உடுத்தி, மெழுகுச் சிலையாக நிற்க வேண்டும். தரையில் ஒட்டிய காகிதப் பொத்தானை நாம் மிதித்தால் சிலைக்கு உயிர் வந்து தன் கதையைச் சொல்லும். என் மகள் ரூபி பிரிட்ஜஸ் ஆனாள். 1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்சில் வெள்ளைக் குழந்தைகள் மட்டும் படித்த பள்ளிக்குள், கூட்டம் கூச்சலிட, அரசுக் காவலர்கள் சூழ நடந்துபோன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டதால், ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியையோடு தனி அறையில் படித்தவர். வெள்ளைச் சட்டையும் கையில் புத்தகமுமாக நின்று என் மகள் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்றிரவு சாப்பிடும்போது கேட்டாள்: “அம்மா, உங்கள் ஊரில் இப்படி நடந்திருக்கிறதா?” இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை இருந்தது. எங்கள் வீட்டுப் பின்வாசலோடு நின்றவர்கள் இருந்தார்கள். சொன்னேன். “நீங்கள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை?” என்றாள். அதற்கு என்னிடம் ‘ஏனென்றால்’ இல்லை.

மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது, கேரளத்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததையும், யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதையும் கிங்கே பின்னாளில் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார். ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை அவர் பெயரில் பள்ளி விடுமுறை. அதையொட்டி வகுப்பில் அவரைப் பற்றிப் பேசுவார்கள், வண்ணத்தாள்கள் ஒட்டுவார்கள். அந்த வாரம் இந்தக் கதையை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். அவளாகவே வகுப்பில் சொல்லட்டும். இந்த நாட்டின் பாடத்தில் நம் ஊரும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பல்லாங்குழிக்கு வருகிறேன். கடையில் எதுவும் வாங்காதீர்கள். ஷோ அண்ட் டெல்லில் பொருளின் விலையை யாரும் பார்ப்பதில்லை. இது யாருடையது, எனக்கு ஏன் பிடிக்கும் என்று அவள் சொல்வதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு நிமிடம் பேசவும், மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வீட்டில் பழகட்டும். பேச வேண்டியதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, குழியில் முத்தைப் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பலகை எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். முத்துகளைத் தனிப் பையில் கட்டி, ஒரு பிடி கூடுதலாகவே வைத்து அனுப்புங்கள். ஆட வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.