மூளைக் கட்டி அழற்சியால்தான் வளர்கிறதா? அழற்சியைத் தணித்தால் கட்டி நின்றுவிடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் அத்தைக்குக் கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுக்கட்டி கண்டபோது, டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே தலைவலி தணிந்து அவர் நடமாடத் தொடங்கினார். “கட்டி கரையுதுப்பா” என்றார் மாமா. உயிரியல் ஆசிரியராக இருந்த நான் அதை மறுக்க வேண்டியதாயிற்று. அம்மருந்து வடித்தது, கட்டியைச் சுற்றிக் கசிந்து தேங்கிய நீர் வீக்கத்தை மட்டுமே.

நீங்கள் கேட்கும் அழற்சி உயிரணுக்களுக்கிடையே நடப்பது. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவும் இரத்தத்திலிருந்து வரும் விழுங்கணுக்களான மேக்ரோஃபேஜும் சேர்ந்து இக்கட்டியில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இருப்பதுண்டு. சிசிஎல்2 போன்ற புரதங்களைச் சுரந்து கட்டியே அவற்றை வரவழைக்கிறது. வந்தவை சுரக்கும் இன்டர்லியூக்கின்-6 முதலிய செய்திப் புரதங்கள் கட்டி அணுவுக்குள் ஸ்டாட்3, என்எஃப்-கப்பாபி என்னும் புரதங்களை முடுக்க, பெருகுவதற்கும் சாகாமல் தப்புவதற்கும் வேண்டிய மரபணுக்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று இன்டர்லியூக்கின்-6ஐயே மீண்டும் உண்டாக்குவதால் இச்சுழற்சி ஓய்வதில்லை.

ஊடுருவலுக்கும் இதே கூட்டுதான் துணை. கட்டியின் தூண்டலால் மைக்ரோகிளியா உருவாக்கும் ஒரு நொதி, எம்எம்பி-2 என்னும் இன்னொரு நொதியைச் செயல்படுத்தி, அணுக்களுக்கிடையிலான பின்னலைச் சிதைத்து வழி திறக்கிறது. கட்டி அணுக்கள் நரம்பிழைகளையும் இரத்தக் குழாய்களையும் பற்றியபடி வெகுதூரம் பரவுகின்றன. 1928இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி வலப்பக்க அரைமூளையையே அகற்றியும் நோய் திரும்பியது அதனால்தான்.

புற்றுக்கட்டியை ‘ஆறாத புண்’ என்று 1986இல் நோயியல் அறிஞர் ஹெரால்ட் டுவோராக் எழுதினார். அத்தைக்கு இதை விளக்குவது எளிதாக இருந்தது: பதமாக வெட்டிய பட்டை மீண்டு வளரும், கத்தி ஆழப் பதிந்த இடமோ முண்டுமுண்டாகப் புடைத்து வெட்டுக்கு உதவாமற் போகும். “அப்போ கத்தி இன்னும் உள்ளேயே கிடக்குன்னு சொல்லு” என்றார் அவர். என் விளக்கத்தைவிட அது சரியாக இருந்தது.

ஆகவே, அழற்சியைத் தணிப்பதால் மட்டும் கட்டி நிற்பதில்லை. மேக்ரோஃபேஜைக் குறிவைத்த மருந்து எலிகளில் நல்ல பலன் தந்தும் நோயாளிகளிடம் தனித்து எடுபடவில்லை. அழற்சியைத் தணிக்கும் என்று மாமா நம்பிய மஞ்சளோ, குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதே மிகச் சொற்பம். டெக்ஸாமெத்தசோன் கட்டியை எதிர்க்கக்கூடிய வெள்ளணுக்களையும் அடக்குவதால், மருத்துவர்கள் போதுமான மிகக் குறைந்த அளவையே தர முயல்வார்கள். அதற்காக நீங்களாகவே அதைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்; அம்மருந்தால் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் சுரப்பு குன்றியிருக்கும் என்பதால் அதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.