பாட்டில்லாத இசையும் பாம்பன் தம்பியும்

ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் ராமநாதபுரத்தில் என் அறைக்கு வந்தபோது மகன் முன்னால் நீங்கள் வாய் திறக்கவில்லை. அவனை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து தம்பியின் இசையைப் பற்றிக் கேட்டீர்கள்: "பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. இதை யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்?" அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதி இது.

கச்சேரியில் பாடகர் பாடத் தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் ஓடுமே, அது ஒரு மணி நேரம் நீண்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் தம்பி செய்யும் இசை. உற்றுக் கேட்கலாம், பக்கத்தில் ஓடவிட்டு வேலையும் பார்க்கலாம். பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் 1978-இல் இதை ஆம்பியன்ட் என்ற பெயரில் பரப்பினார். உலகம் முழுக்க இதற்கு ஆள் உண்டு. ஒரே ஊரில் கூட்டமாக இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

பணத்துக்கு வருகிறேன். விசைப்படகில் டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிப்பது உங்களுக்குத் தெரியும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளும் பங்குக் கணக்குதான். மாத வசூலை ஒரே குவியலாக்கி, எது எத்தனை முறை கேட்கப்பட்டதோ அதற்கேற்பப் பிரிப்பார்கள். ஒரு இசைத் தடம் பன்னிரண்டு மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படவில்லை என்றால் ஸ்பாட்டிஃபையில் அதற்குப் பங்கே கிடையாது. 2024 முதல் இப்படி. இன்னொரு வலி: எண்ணுவது முறையைத்தான், நேரத்தை அல்ல. முப்பது வினாடி ஓடினால் ஒன்று. தம்பியின் இருபது நிமிட இசையும் இரண்டு நிமிடப் பாட்டும் அங்கே சமம். போதாததற்கு, இயந்திரம் தானே உருவாக்கும் இசை முதலில் வந்து நிரம்புவது இந்த மாதிரிப் பின்னணி இசையில்தான். ஆகவே அந்தப் பங்கை நம்பி உலை வைக்க முடியாது. பேண்ட்கேம்ப் தளத்தில் கேட்பவர் நேரடியாக விலை கொடுத்து வாங்குகிறார். தளம் எடுப்பது 15 சதவீதம். விற்பனை குறைவு, ஆனால் மரியாதையான காசு.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவன் போட்டுக் காட்டிய நாற்பது வினாடி. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் சத்தம். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. இப்போது புதுப் பாலம், புதுச் சத்தம். அந்தப் பழைய ஒலியை இனி யாராலும் பதிவு செய்ய முடியாது. பள்ளிக்கூடப் பையன் போனில் பிடித்து வைத்திருக்கிறான். எஞ்சின் சத்தம் லேசாக மாறினாலே எது கெட்டது என்று சொல்லிவிடுகிற படகு டிரைவர் நீங்கள். அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காதுக்குத்தான் சம்பளம் கிடைக்கும். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். படப்பிடிப்பு ஒலி, டப்பிங், ஆவணப்பட ஒலிக்கலவை என்று வேலைகள் அங்கிருந்து கிளைக்கும். பகலில் அந்தத் தொழில், இரவில் தன் இசை. ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் வயலினோ குரலிசையோ பயின்றாலும் சுருதி பிடிபடும்.

லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு மட்டும் போகவேண்டாம். முன்பு ஒரு மாணவனை நானே அப்படி ஒரு நிலையத்துக்கு அனுப்பினேன். ஆறு மாதத்தில் அவன் கையில் மைக் வந்தது இரண்டே நாள். அவன் அப்பாவை இன்றும் நேராகப் பார்க்கக் கூசுகிறது.

விலை உயர்ந்த கருவிகளும் இப்போது வேண்டாம். சிறிய ரெக்கார்டர் ஒன்று, அதற்கு ரோம உறை ஒன்று போதும். உறை இல்லாமல் தனுஷ்கோடியில் நின்றால் கச்சான் காற்று மைக்கில் அறைவது மட்டுமே பதிவாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஆர்வத்தில் போய்விடுவான்.

தம்பியிடம் ஒரு வார்த்தை. யாராவது குறும்படத்துக்கு இசை கேட்டு, "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று தாள் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதே. படத்தில் சேரும் இசைக்குத் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில், அதாவது உரிமைத் தொகையில், இசையமைப்பாளருக்குச் சமபங்கு உண்டு. அதை எழுதி வாங்கிவிட முடியாதபடி 2012-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினரானால் அவர்கள் வசூலித்துத் தருவார்கள். அந்த ரயில் ஒலியை மூன்று இடத்தில் நகல் எடுத்து வை. இன்றே.

ஐயா, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். படகு கரையில், நீங்கள் வீட்டில். அது முடிவதற்குள் அவன் ஒரே ஒரு இருபது நிமிட இசையை முழுதாக முடிக்கட்டும். தொடங்குபவர்கள் நிறைய, முடிப்பவர்கள் குறைவு. எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். ஜூன் 14-க்கு முன்னால், நீங்கள் கடலுக்குப் போவதற்குள், இருவரும் வாருங்கள். அவனுடைய ஹெட்போனை எடுத்துவரச் சொல்லுங்கள். என் மேசை ஸ்பீக்கரில் கீழ் ஒலிகள் கேட்காது.