நன்றாக ஆடியும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் (ஆண்டுதோறும் சிறந்த வீரர்களைத் தேர்ந்து அறிவிக்கும் கௌரவ அணி) இடம் கிடைக்காத ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) வீரர்கள் யார்? ஏன் அப்படி நடக்கிறது?

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கார்ல்டன் கிளப்பின் கேய்ட் சிம்ப்சன். 2003இல் அறிமுகமானபோது முதல் மூன்று ஆட்டங்களில் அவர் பந்தைத் தொட்டதாகக் கணக்கிலேயே இல்லை. அப்படித் தொடங்கியவர் 342 ஆட்டங்கள் ஆடினார், 2013இல் கிளப்பின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ஆனாலும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் ஒருமுறைகூட இடமில்லை. அணிக்கு 22 பேர்தான். பின்வரிசையில் அலட்டாமல் வேலை பார்ப்பவர் கண்ணில் படுவது கஷ்டம்.

இதைவிட வேடிக்கை ஷேன் வோவோடின் கதை. லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமே 2000ஆம் ஆண்டில் அவருக்குத்தான், ஆனால் ஆல்-ஆஸ்திரேலியன் ஆனதே இல்லை! காரணம் எளிது: பிரவுன்லோவுக்கு ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நடுவர்கள் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போடுகிறார்கள். ஆல்-ஆஸ்திரேலியன் அணியைத் தேர்வதோ தனிக் குழு, அதுவும் களத்தில் ஆடும் இடம்வாரியாக. நடுக்கள வீரர்கள் குவிந்துகிடக்கும்போது யாராவது வெளியே நிற்கத்தான் வேண்டும். 2014இல் பிரவுன்லோ வென்ற மேட் பிரிடிஸுக்கும் இதே கதிதான். சரி, அவருக்கு மறு ஆண்டே இடம் கிடைத்துவிட்டது.