பையை யார் கொட்டுவது?

அன்புள்ள ஐயா,

அட்லாண்டாவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். நாங்கள் வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி தன்னுடைய பழைய ஹூவர் வாக்யூம் க்ளீனரை எங்களுக்குக் கொடுத்தார். பூமிப்பந்து போல உருண்டையாக இருக்கும். கல்யாணமான புதிதில் ரிச்சஸ் கடையில் வாங்கியதாம். அந்தக் கடையைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது: தேங்காய் கேக், பெரிய கிறிஸ்துமஸ் மரம், குழந்தைகள் ஏறும் பன்றி ரயில். இன்று என் கேரேஜில் பதினோரு பழைய மெஷின்கள் நிற்கின்றன. மனைவி அதைக் காயலான் கடை என்கிறாள். இப்போது வாங்குவதெல்லாம் மூன்று வருடத்தில் குப்பைக்குப் போகிறது. அந்தக் காலத்துப் பொருளும் கடையும் மனிதர்களும் வேறு. சென்னையில் ஸ்பென்சர் இருந்தது, அதுவும் எரிந்துபோனது. நாம் எதையும் காப்பாற்றுவதில்லை. என் கேள்வி இதுதான்: நான் வாழாத ஒரு காலத்துக்கு நான் ஏங்குவது உண்மையான ஏக்கமா, போலியா?

எம்.

அன்புள்ள எம்.,

பதினோரு மெஷினா! முதலில் உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமாக எனக்கு இருமல். தூசி ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெத்தையை வாரம் ஒருமுறை வாக்யூம் போட்டு எடுங்கள் என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்திருந்தது.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் காலப் பொருளெல்லாம் உறுதி என்கிறீர்கள். உடைந்தவை உங்கள் கேரேஜுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஸ்பென்சர் பற்றி நான் பேசத் தகுதியில்லாதவன். மவுண்ட் ரோட்டில் பஸ் ஜன்னலிலிருந்து அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன், உள்ளே கால் வைத்ததில்லை. நாம் எதையும் காப்பாற்றுவதில்லை என்ற புலம்பலைத் தயவுசெய்து விடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் எழுதும் கடிதங்களில் பாதி இப்படித்தான் முடிகிறது.

சரி, உங்கள் மெஷினுக்கு வருகிறேன். அந்த ஹூவரின் முதல் வடிவத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியுமா? இத்தனை மெஷின் வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடிதத்தில் அவர் பெயரே இல்லை. தேங்காய் கேக் இருக்கிறது.

ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். ஓஹயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். அங்கே ஸாலிங்கர் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவர். கிட்டத்தட்ட அறுபது வயது, ஆஸ்துமா வேறு. கம்பளத்தைப் பெருக்கப் பெருக்கக் கிளம்பும் தூசியில் மூச்சு முட்டும். இனி தாங்காது என்ற நிலையில், 1907-இல், ஒரு மின்விசிறி மோட்டாரை எடுத்து ஒரு பெட்டியில் பொருத்தினார். துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாக வைத்தார். பின்னால் ஒரு தலையணை உறையைக் கட்டிவிட்டார். தூசி உறைக்குள் போயிற்று, அவர் மூச்சு விட்டார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. உறவுக்காரப் பெண் சூசனிடம் ஒன்றைக் கொடுத்தார். அவர் கணவர் தோல் வியாபாரி, குதிரைச் சேணம் செய்து விற்றவர். மோட்டார் கார் வந்துகொண்டிருந்த காலம். குதிரைக்கு எதிர்காலம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். காப்புரிமையை விலைக்கு வாங்கினார். அவர் பெயர் வில்லியம் ஹூவர்.

இங்கிலாந்தில் அந்தப் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்வதே 'ஹூவர் பண்ணுவது'தான். ஸ்பாங்ளர் பண்ணுவதாக யாரும் சொல்வதில்லை. நீங்கள் ஒரு பொருளுக்காக ஏங்குகிறீர்கள், ஒரு கடைக்காகவும் ஏங்குகிறீர்கள். அந்த இரண்டும் முதன்முதலில் சந்தித்த இடம், ஒரு கடையைப் பெருக்கியவரின் நுரையீரல். அதைத் தாண்டி எப்படி ஐயா தேங்காய் கேக்குக்குப் போனீர்கள்?

கோபப்படாதீர்கள். நான் இதில் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. 1988-இல் எட்டு மாதம் நானே வாக்யூம் க்ளீனர் விற்றிருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். கழுத்தில் டை, காலில் அண்ணனின் ஷூ, தோளில் எட்டு கிலோ மெஷின். சித்திரை வெயிலில் அண்ணா நகரில் தெருத்தெருவாக அலைய வேண்டும்.

விற்பதற்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழாய் சேரும் இடத்தில் ஒரு வட்டமான வெள்ளைத் துணியை வைக்க வேண்டும். வீட்டுக்காரம்மா தினமும் படுக்கும் இலவம்பஞ்சு மெத்தையில் ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு துணியை எடுத்து, ஒன்றும் பேசாமல், அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் முக்கியம் என்பார் எங்கள் சூப்பர்வைசர். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதைப் பார்த்ததும் முகத்தில் வரும் வெட்கம் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் விற்றோம். மெஷின் கூட வந்தது.

இதை எங்கள் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை என்று ரொம்ப வருடம் கழித்துத் தெரிந்தது. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் ஒரு ராட்சத மெஷினைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியே நீளக் குழாயை விட்டு வீடுகளைச் சுத்தம் செய்தார். தூசி ஓடுவது வெளியே தெரியும்படி குழாயைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்களாம். சீமாட்டிகள் தோழிகளைத் தேநீருக்குக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார்கள். அழுக்கைக் காட்டினால்தான் மெஷின் விற்கும் என்று முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது.

அண்ணா நகரில் ஒரு வீடு. துணியைக் கையில் வைத்தேன். அந்த அம்மா வெட்கப்படவில்லை. நேராகப் பின்கட்டைப் பார்த்து, வேலைக்கார அக்காவைக் கூப்பிட்டார். "பாரு, இதுதான் நீ பெருக்கற லட்சணம்" என்று துணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். மெத்தையைப் பெருக்குவது அவர் வேலையே இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆர்டர் புக்கைத் திறந்து வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த வாரத்தின் முதல் ஆர்டர்.

கிளம்பும்போது மாடிப்படியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, இத வச்சுப் பெருக்குனா தூசி மூக்குல ஏறாதா?" என்று கேட்டார். ஏறாது அக்கா, எல்லாம் உள்ளே இருக்கும் பைக்குப் போய்விடும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தப் பைய யாரு கொட்டுவா?"

எட்டு மாதத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் மனப்பாடமாக வைத்திருந்தேன். கரண்ட் எவ்வளவு ஆகும், தவணை உண்டா, ரிப்பேர் வந்தால் யார் வருவார்கள். இதற்கு இல்லை.

உங்கள் ரிச்சஸுக்கு வருகிறேன். நல்ல கடைதான், மறுக்கவில்லை. 1867-இல் தொடங்கியது. 1930 வாக்கில், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, அட்லாண்டா நகராட்சியிடம் காசில்லாமல் ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ரிச்சஸ் அந்தச் சீட்டுக்கு முழுப் பணம் கொடுத்தது. எங்களிடமே பொருள் வாங்க வேண்டும் என்று கட்டாயம்கூட வைக்கவில்லை. ஒரு ஊர் ஒரு கடையை மறக்காமலிருக்க இது போதும்.

ஆனால் அதே கடையில் மக்னோலியா ரூம் என்று ஒரு சாப்பாட்டுக் கூடம் இருந்தது. கறுப்பின மக்கள் கடையில் துணி வாங்கலாம், கணக்கு வைத்துக்கொள்ளலாம், உங்கள் உருண்டை ஹூவரையும் வாங்கலாம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1960 அக்டோபர் 19 அன்று மாணவர்களோடு மார்ட்டின் லூதர் கிங் அங்கே போனார், கைதானார். மாணவர்களை விட்ட பிறகும் ஒரு பழைய போக்குவரத்து வழக்கைக் காட்டி அவரை மட்டும் ரீட்ஸ்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜனாதிபதி தேர்தலில் நின்றுகொண்டிருந்த கென்னடி, கிங்கின் மனைவிக்குப் போன் செய்தது அப்போதுதான். அடுத்த வருடம் கூடம் எல்லோருக்கும் திறந்தது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர் நீங்கள். இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அந்தப் பாட்டி பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த நாற்காலியில் இருந்து அவர் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குத் தன் கல்யாணச் சாமானைத் தூக்கிக் கொடுக்கும் மனசு லேசில் வராது. அவர் மெஷினோடு ஏக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார், நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். உண்மையா போலியா என்று நோண்டிக்கொண்டிருக்காதீர்கள்.

டவுன்டவுனில் ரிச்சஸின் 1924 கட்டடம் இன்னும் நிற்கிறது, அரசு அலுவலகங்களின் ஒரு பகுதியாக. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறையாவது போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதுவும் இல்லை.

மெஷின்களைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். அந்த உருண்டை ஹூவர், தான் வெளியே விடும் காற்றின் மேலேயே மிதந்து நகரும் என்று படித்திருக்கிறேன். உங்களுடையது இன்னும் மிதக்கிறதா? ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

அப்புறம், பழைய மெஷின்களில் அறுபது வருடத் தூசி அப்படியே இருக்கும். பைகளை கேரேஜுக்குள் வைத்து உதறாதீர்கள். வீட்டம்மாவிடமும் கொடுக்காதீர்கள். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெளியே எடுத்துப்போய், நீங்களே கொட்டுங்கள்.