மானைச் சுட்ட பின் பதிவு செய்தல்: தொலைபேசி போதுமா, நேரில் போக வேண்டுமா?

வாசகர் கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் வேலை பார்க்கிறேன். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன். வரும் நவம்பரில் அலுவலக நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு, மாநிலத்தின் வடக்கே உள்ள அவர்களுடைய வேட்டைக் குடிலுக்குப் போகவிருக்கிறேன். மான் கிடைத்தால் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிந்தால் போதும் என்கிறார் நண்பர். அவருடைய தந்தையோ, இந்த முறை வந்த நாளிலிருந்து மான் கணக்கே பொய்யாகிவிட்டது, பாதிப் பேர் பதிவதே இல்லை என்று வருத்தப்படுகிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்ய வேண்டும்? சுட்ட இடத்தையும் சொல்ல வேண்டி வருமா?

பதில்:

சட்டப்படி உங்கள் நண்பர் சொல்வதே சரி. விஸ்கான்சினில் மானை நேரில் கொண்டுபோய்க் காட்டிப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் 2015ஆம் ஆண்டுப் பருவத்தோடு நீங்கிவிட்டது. அன்றிலிருந்து ‘கேம்ரெக்’ எனப்படும் மாநில இயற்கை வளத் துறையின் முறையில், இணையதளம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ பதிந்துகொள்ளலாம். இணையமும் தொலைபேசியும் கைவசம் இல்லாதவர்களுக்காகச் சில கடைகள் இன்றும் பதிவு நிலையங்களாக இயங்குகின்றன. ஆனால் அங்கேயும் நடப்பது அதே மின்பதிவுதான். கெடு, மான் கைக்கு வந்த நாளுக்கு அடுத்த நாள் மாலை 5 மணி. இதில் ‘கைக்கு வந்த நாள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை அந்தியில் நீங்கள் சுட்ட மான் அடிபட்டு ஓடி, ரத்தத் தடத்தைப் பின்பற்றி ஞாயிறு காலையில்தான் அதைக் கண்டெடுத்தீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். திங்கள் மாலை 5 மணி வரை நேரம் உண்டு.

பதிவதற்கு உங்கள் மான் அனுமதிச் சீட்டில் உள்ள எண்ணும் பிறந்த தேதியும் வேண்டும். அதன்பின் என்ன வகை மான், எந்தத் தேதி, எந்தப் பருவம், எந்த மாவட்டம், எந்த மான் மேலாண்மைப் பகுதி, பொது நிலமா தனியார் நிலமா என்று கேட்பார்கள். கடைசியாக ஓர் உறுதி எண் கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே பல காட்டுப் பகுதிகளில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. ஆகவே அனுமதி எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் அச்சிட்ட தாள் ஒன்றையும் சட்டைப்பையில் வைத்திருங்கள். கூடவே ஒரு பென்சில். கடுங்குளிரில் பேனா மை உறைந்து எழுதாமல் போவதும், கைப்பேசியின் மின்கலம் மளமளவென்று இறங்கிவிடுவதும் நவம்பர் காட்டில் சர்வ சாதாரணம். குடிலிலிருந்து ஊருக்குப் பெட்ரோல் போடப் போகும் யாரிடமாவது எண்ணையும் விவரங்களையும் எழுதிக் கொடுத்தனுப்பி அழைக்கச் சொல்லலாம்தான். ஆனால் பொறுப்பு உங்களுடையதே என்பதால், அன்றிரவே நீங்களே அழைத்துவிடுவது நல்லது.

‘பொது நிலமா, தனியார் நிலமா’ என்ற கேள்வியைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொம்பில்லா மானுக்கான அனுமதி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பகுதிக்கும் குறிப்பிட்ட நில வகைக்கும் மட்டுமே செல்லும். தனியார் நிலத்துக்கான அனுமதியை வைத்துக்கொண்டு, வேலி தாண்டி அரசுக் காட்டுக்குள் நின்ற பெட்டை மானைச் சுட்டால் அது விதிமீறல். குடிலுக்கு அருகில் எல்லை எங்கே ஓடுகிறது என்பதை விடிவதற்கு முன்பே நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றிய உங்கள் அச்சம் புதியதல்ல. பரம்பரையாக ஒரே பள்ளத்தாக்கில் உட்காரும் வேட்டைக்காரர்கள் தங்கள் மரத்தடியைச் சொந்தத் தம்பிக்கே காட்ட மாட்டார்கள். விஸ்கான்சினில் மாவட்டம், பகுதி, நில வகை என்ற அளவோடு நின்றுவிடுகிறார்கள். பக்கத்து மிச்சிகன் மாநிலத்தில் 2022 முதல் இணையப் பதிவு கட்டாயம். அங்கே மான் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும், வரைபடத்தில் இடத்தையும் குறிக்க வேண்டும். அங்குள்ள வேட்டைக்காரர்கள் பலர் முகம் சுளித்தது பதிவதற்காக அல்ல, அந்த வரைபடப் புள்ளிக்காகத்தான். அதற்கு முன்புவரை மிச்சிகனில் பருவம் முடிந்தபின் ஒரு பகுதி வேட்டைக்காரர்களுக்கு அஞ்சலில் வினாப்பட்டியல் அனுப்பி மொத்தத்தை மதிப்பிட்டு வந்தார்கள். உரிமம் வாங்குவோர் குறைந்து, திரும்பி வரும் பட்டியல்களும் குறைந்தபோது அந்த வழி தேய்ந்துபோனது.

இனி தந்தையின் வருத்தத்துக்கு வருகிறேன். அதைப் பழைய காலத்து ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. அவருடைய இளமையில், மானைக் காரின் மேலோ வண்டியின் பின்தட்டிலோ கட்டிக்கொண்டு, ஊர்முனையில் உள்ள மதுக்கடைக்கோ பெட்ரோல் நிலையத்துக்கோ தூண்டில் இரை விற்கும் கடைக்கோ போவார்கள். அங்கே பதிவாளர் மானைக் கண்ணால் பார்த்து, சீட்டைச் சரிபார்த்து, உலோக முத்திரை பூட்டிக் கொடுப்பார். பெரிய கொம்பு வந்தால் ஊரே சுற்றி நிற்கும். கடைக்காரருக்கும் அன்று நல்ல வியாபாரம். 2015இல் அந்தப் பயணம் தேவையற்றதாயிற்று. 2016இல் முதுகில் அணியும் எண் அட்டை நீக்கப்பட்டது. 2017இல் மானின் உடலோடு சீட்டைக் கட்ட வேண்டும் என்ற விதியும் போயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள், இறந்த மானையும் அதைச் சுட்டவரையும் இணைத்த கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒவ்வொன்றாகக் கழன்று, மிஞ்சியது வேட்டைக்காரர் தாமே சொல்லும் ஒரு தகவல் மட்டுமே. கணக்குப் பொய்யாகிவிட்டது என்று அவர் சொல்வதன் வேர் இதுதான்.

ஆனால் அந்த முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. ஏமாற்ற நினைப்பவன் அன்றும் பதிவு நிலையத்துக்கு வரவில்லை. இரவில் விளக்கடித்துச் சுட்டு, கொட்டகையில் உரித்து, உறைபெட்டிக்குள் வைத்துவிட்டவனுக்கு 2015க்கு முன்னும் பின்னும் வேறுபாடு இல்லை. மாறியிருக்கக்கூடியது நடுவில் நிற்பவர்களின் நடத்தை. ‘நாளைக்குப் பதியலாம்’ என்று நினைத்து மறப்பவர், இரண்டாவது மானுக்கும் அதே அனுமதி போதும் என்று தம்மைச் சமாதானப்படுத்திக்கொள்பவர், இயந்திரக் குரல் இருமுறை எண்ணைத் திருப்பிக் கேட்டதும் சலித்து வைத்துவிடுபவர். முன்பு நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்ததே இவர்களை ஒழுங்கில் வைத்தது. மறுபக்கம், நிலையம் தொலைவில் இருந்ததாலும், இரவில் அது மூடிக்கிடந்ததாலும், செப்டம்பரில் தொடங்கும் வில் வேட்டைப் பருவத்தின் வெப்பத்தில் இறைச்சி கெட்டுவிடும் என்ற அவசரத்தாலும் அன்று பதியாமல் விட்டவர்கள் இன்று பத்து நிமிடத்தில் பதிந்துவிடுகிறார்கள். தனியாக வேட்டைக்குப் போகும் முதியவர்களும், திங்கட்கிழமை காலையில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களும் புதிய முறையை விரும்புவதற்குக் காரணம் சோம்பல் அல்ல.

பதியாமல் விடுபட்டதைக் கணக்கிடவும் வழி உண்டு. பென்சில்வேனியாவில் நீண்ட காலமாகவே நிலையம் கிடையாது. அஞ்சல் அட்டை, இணையம், தொலைபேசி என ஏதாவது ஒன்றில் 10 நாளுக்குள் தெரிவித்தால் போதும். பலர் தெரிவிப்பதில்லை என்பது அந்த மாநிலத்துக்கே தெரியும். ஆகவே பயிற்சி பெற்ற ஊழியர்கள் மான் வெட்டும் கூடங்களுக்குப் போய், அங்கே கிடக்கும் மான்களின் வயதையும் சீட்டு எண்ணையும் குறித்துக்கொள்கிறார்கள்; பிறகு அவற்றில் எத்தனை பதிவில் இருக்கின்றன என்று ஒப்பிடுகிறார்கள். பேச்சுக்கு, பார்த்த 100 மான்களில் 40தான் பதிவாகியிருந்தால், வந்த மொத்தப் பதிவை 0.4ஆல் வகுத்து உண்மை எண்ணிக்கையை மதிப்பிடலாம். பதிவு குறைவாக இருப்பது சிக்கல்தான். ஆனால் எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் அதைச் சரிக்கட்டிவிடலாம். எவ்வளவு குறைவு என்றே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. விஸ்கான்சினில் தந்தையைப் போன்றவர்கள் வலியுறுத்த வேண்டியது இப்படிப்பட்ட ஒப்பீட்டையே என்பது என் கருத்து.

அவர் சொல்லாமல் விட்ட, ஆனால் அவர் பக்கம் வலுவாக நிற்கும் வாதம் ஒன்று உண்டு: பல். பதிவு நிலையங்களில், குறிப்பாகத் துப்பாக்கிப் பருவத்தின் தொடக்க வார இறுதியில், துறையின் உயிரியலாளர்கள் மானின் தாடையை நெம்பித் திறந்து கைவிளக்கு அடித்துப் பார்ப்பார்கள். கீழ்த்தாடையில் மூன்றாவது கன்னப்பல் குட்டியில் மூன்று முகடுகளோடு இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதில் அந்தப் பால்பல் விழுந்து இரண்டு முகடுள்ள பல் முளைக்கும். நவம்பரில் அந்த இடத்தில் தேய்ந்த மூன்று முகட்டுப் பல்லோ, கறை படியாத புத்தம்புது வெள்ளைப் பல்லோ இருந்தால் அது ஒன்றரை வயது மான். இந்தச் சிறு அடையாளத்தின் மீதுதான் விஸ்கான்சின் மான் தொகைக் கணக்கு நிற்கிறது. தொகை பெரிதாக ஏறி இறங்காத இடத்தில், சுடப்பட்ட வளர்ந்த ஆண் மான்களில் ஒன்றரை வயதுள்ளவை எத்தனை பங்கோ, ஏறக்குறைய அத்தனை பங்கு ஆண் மான்கள் ஆண்டுதோறும் இறக்கின்றன என்று கொள்ளலாம், ஏனென்றால் இறந்தவற்றின் இடத்தை நிரப்பி நிற்பவை அவையே. அதிலிருந்து ஆண்களின் எண்ணிக்கை, அதிலிருந்து பெண்கள், பெண்களோடு காணப்படும் குட்டிகளின் விகிதத்திலிருந்து குட்டிகள் என்று கணக்கு விரிகிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிப் பருவத்தில் காட்டுக்குப் போகும் மாநிலத்தில், தொலைபேசி எத்தனை மான் என்று விரைவாகச் சொல்லிவிடும். அவற்றின் வயதைச் சொல்லாது. வேட்டைக்காரர் ஊகித்துச் சொல்லும் வயதை நம்பியும் பயனில்லை. கொம்பின் அளவைப் பார்த்து வயதைச் சொல்பவர்கள்தான் மிகுதி.

இதனால்தான் சில மாநிலங்கள் வேறு வழியில் போயின. மெய்ன் மாநிலத்தில் மானை நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும் என்ற மரபு நீடிக்கிறது. வெர்மான்ட் மாநிலம் வெட்டுப்பல் ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. விஸ்கான்சினில் இப்போது வயது விவரம் பெரிதும் இறைச்சிக் கூடங்களிலிருந்தும், நோய்ச் சோதனைக்கு வரும் தலைகளிலிருந்தும்தான் கிடைக்கிறது.

அந்த நோய் உங்களுக்கு நேரடியாக வேண்டிய செய்தி. மானின் மூளையை மெல்ல அழிக்கும் நாள்பட்ட மெலிவு நோய், மேடிசனுக்கு மேற்கே மவுன்ட் ஹோரெப் அருகே சுடப்பட்ட மான்களில் 2002இல் கண்டறியப்பட்டது. பிறகு மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. நோய்க் காரணி பிரியான் என்ற புரதம். சமைத்தால் அது அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோயுள்ள பகுதியில் சுட்ட மானைச் சோதித்துவிட்டு உண்ணும்படியும், நோய் உறுதியானால் உண்ண வேண்டாம் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. பதிவு நேரில் நடந்த காலத்தில், பல நிலையங்களில் மாதிரியும் கையோடு எடுத்துவிடுவார்கள். இப்போது அந்த வேலை உங்கள் தலையில். மாநிலமெங்கும் தானியங்கிச் சேகரிப்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். சில அங்குலக் கழுத்தோடு தலையை வெட்டி, அங்கே உள்ள பையிலிட்டு, படிவத்தை நிரப்பிப் போட்டுவிட வேண்டும். சோதிப்பது தொண்டைக்குப் பின்னுள்ள நிணநீர்க் கணுக்களை என்பதால் கழுத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். கொம்பு வேண்டுமென்றால் அதை முதலிலேயே மண்டையோட்டுத் துண்டோடு அறுத்து எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாகப் பெயரிட்டு உறைபெட்டியில் வையுங்கள். பல குடும்பங்களின் மானை ஒன்றாக அரைத்துச் சாசேஜ் செய்யும் கூடத்தில் கொடுப்பதாக இருந்தால், உங்களுடையதைத் தனியாகவே அரைக்கச் சொல்லுங்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மான் வேட்டையே குற்றமான இந்தியாவிலிருந்து போன ஒருவருக்கு, இத்தனை பதிவும் சோதனையும் அளவுக்கு மீறியதாகத் தோன்றலாம். ஆனால் விஸ்கான்சினில் வேட்டை அனுமதிக்கப்படுவதே இந்த எண்களை நம்பித்தான். மாநிலத்தின் மாவட்டங்களில் 2014 முதல் இயங்கும் மான் ஆலோசனைக் குழுக்கள், அடுத்த ஆண்டு எத்தனை கொம்பில்லா மான்களுக்கு அனுமதி தரலாம் என்று பரிந்துரைப்பது முந்தைய பருவத்தின் பதிவைப் பார்த்தே. வடக்கே மான் குறைந்துவிட்டது என்று வேட்டைக்காரர்களும், தெற்கே பயிரைத் தின்று தீர்க்கிறது என்று உழவர்களும் வாதிடும் அந்தக் கூட்டங்களில், பதியாமல் விட்ட மான் எந்தப் பக்கத்துக்கும் உதவாது.

நண்பரின் தந்தைக்கு நீங்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நேரில் பதியும் முறை மீண்டும் வேண்டும் என்று அவர் நினைத்தால், ஒவ்வோர் இளவேனிலிலும் எல்லா மாவட்டங்களிலும் மக்கள் கருத்துக் கேட்பு நடத்தும் விஸ்கான்சின் பாதுகாப்புக் காங்கிரஸ் என்ற மக்கள் ஆலோசனை அமைப்பில் தீர்மானமாகவே கொடுக்கலாம், மாநிலத்தில் வசிக்கும் யாரும் கொடுக்கலாம். ஆனால் முழு நிலையமும் திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குறைந்தது தாடையைப் பார்க்க ஆள் வைக்கும்படி கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

உங்களைப் பொறுத்தவரை, மான் விழுந்த இரவே தொலைபேசியில் பதிந்து உறுதி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; மறுநாள், வழியில் உள்ள பழைய பதிவுக் கடைக்கு அவர் உங்களைக் கூட்டிப்போக விரும்பினால் தயங்காமல் போங்கள். தொடக்க வார இறுதியில் அங்கே வயது பார்க்கும் ஊழியர் இருந்தால் தாடையைக் காட்டிவிட்டு, தலையை அருகிலுள்ள பெட்டியில் சேர்த்துவிடலாம். வட்டாரத்தில் பெட்டி எங்கே இருக்கிறது, இறைச்சிக் கூடம் ஞாயிறு திறந்திருக்குமா என்ற இரண்டையும் குடிலுக்குக் கிளம்புமுன் மேடிசனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தேடினால் அலைவரிசை கிடைக்காது.