அடிவாங்கும் பிள்ளையை ஏன் பாடசாலை மாற்ற வேண்டும்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: தரம் 8 இல் படிக்கும் மகனிடம் மூன்று பொடியன்கள் இடைவேளைக் காசைப் பறிக்கிறார்கள், பட்டப்பெயர் சொல்லி அடிக்கிறார்கள். திங்கட்கிழமை என்றால் அவனுக்கு வயிற்றுவலி. வகுப்பாசிரியர் "ஆம்பிளைப் பிள்ளைகள், விளையாட்டுத்தானே" என்கிறார். மட்டக்களப்பு நகரத்தில் நல்ல பாடசாலையில் இடம் எடுத்துத் தருவதாக ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இப்படியான ஆட்களிடம் ஏமாந்த பெற்றோர் பலரைப் பார்த்துவிட்டேன். "அதிபரைத் தெரியும், வலயத்தில் ஆள் இருக்கிறது" என்பார்கள். முற்பணம் கைக்குப் போனதும் தவணை முடியட்டும், புதுவருஷம் பிறக்கட்டும் என்று இழுப்பார்கள். அதற்குள் அவசரப்பட்டு விடுகைப் பத்திரத்தை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை. இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கேட்டவரைப் பற்றி இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

வயிற்றுவலி நடிப்பில்லை. பயம் பிள்ளைகளின் உடம்பில் இப்படித்தான் வரும். தூக்கம் கெடும், பாடம் ஏறாது, வரவு குறையும், புள்ளி விழும். பிறகு படிக்கிறான் இல்லை என்று அவனையே ஏசுவார்கள். வைத்தியரிடம் காட்டும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உலகில் ஏறக்குறைய மூன்று மாணவரில் ஒருவர் சக மாணவரின் இப்படியான தொல்லையை அனுபவிக்கிறார் என்று யுனெஸ்கோ 2019 இல் சொன்னது. சுற்றிநின்று பார்க்கும் வகுப்பு முழுவதும் "சொல்லி வேலையில்லை" என்று பழகிவிடுகிறது. உங்கள் மகன் போனால் அந்த மூவரும் இன்னொருவனைப் பிடிப்பார்கள்.

ஆகவே எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், யார், என்ன செய்தார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து, அதிபருக்குக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு நமது கல்வி நிருவாகத்தில் உயிரே இல்லை. சுற்றறிக்கைகளுக்குக் குறைவில்லை, ஆனால் பல இடங்களில் ஆலோசனை ஆசிரியருக்கே முழுநாளும் வேறு பாடம் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை யாரிடம் போய்க் கதைப்பான்?

ஒன்றை மட்டும் வேறாகப் பார்க்க வேண்டும். உடம்பில் தகாத இடத்தில் தொட்டது, உடுப்பைக் கழற்றியது, அதை ஃபோனில் வீடியோ எடுத்தது, பிளேட் காட்டி மிரட்டியது என்று மகன் சொன்னால் அதிபரின் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 க்கு எடுங்கள், அல்லது பொலிஸுக்குப் போங்கள். "பாடசாலையின் பெயர் கெடும், பேசித் தீர்ப்போம்" என்று ஊரில் பெரியவர்கள் வருவார்கள். எந்தச் சமரசக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். வீடியோ கிடைத்தால் அழிக்கவும் வேண்டாம், உறவினருக்கு அனுப்பவும் வேண்டாம், ஃபோனோடு பொலிஸில் காட்டுங்கள். இந்த நிலையில் மகனே கேட்டால் பாடசாலை மாற்றுவது சரிதான். அதையும் வலயக் கல்வி அலுவலகத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

மற்றபடி ஒரு கிழமைக்குள் அதிபர் அசையாவிட்டால், அதே கடிதத்தைப் பட்டிருப்பு வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொடுங்கள். தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். "கடிதம் வரவில்லை" என்று சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும்.