சிறப்பாசிரியர் சம்பளம்: எந்த ஊர், யார் தரும் ஆணை?

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். சிறப்புக் கல்வியில் டிப்ளமோ படித்து, அறிவுசார் குறைபாடுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வேண்டும் என்கிறாள். "என் மச்சினர், 'அதுல கஞ்சிக்குக்கூட வராது, கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிட்டேன், டொனேஷன் மட்டும் கட்டுங்க'ங்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமான்னு யோசிக்கிறேன் சார். இந்த ஆசிரியர் வேலைக்கு உண்மையில எவ்வளவுதான் வரும்?"

முதலில் பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வையுங்கள் ஐயா. மச்சினர் சொல்லும் டொனேஷனை வாங்குவதே தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாத பணத்துக்கு வீட்டை அடகு வைத்துவிட்டு, விருப்பமில்லாத பிள்ளையை நாலு வருடம் கணிப்பொறி முன்னால் உட்கார வைப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பொறியியலைப் பற்றிச் சொல்லச் சொந்தத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு உங்கள் மகள் கேட்டதைப் பார்ப்போம்.

இந்த வேலைக்கு ஒரே சம்பளம் கிடையாது. மகளுடையதைப் போன்ற அதே சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறார், இன்னொருவர் பஸ் காசுக்குத் திண்டாடுகிறார். எந்த மாநிலம், நியமன ஆணையை யார் தருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேந்திரிய வித்யாலயாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் வந்த அவர்களுடைய ஆளெடுப்பு அறிவிப்பில் தொடக்க வகுப்புச் சிறப்பாசிரியருக்கென்றே தனிப் பணியிடங்கள் இருந்தன. மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் ஆறாம் நிலை. தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். இதில் ஊருக்கு ஊர் மாறுவது வீட்டு வாடகைப்படி. 2024 ஜனவரியிலிருந்து சென்னை, தில்லி மாதிரிப் பெருநகரங்களில் 30 சதவீதம், மதுரை, திருச்சி, கோவையில் 20, சிற்றூர்களில் 10. அதாவது சென்னையில் 10,620 ரூபாய், மதுரையில் 7,080, சிற்றூரில் 3,540. ஆனால் சென்னையில் அந்த 10,620-க்கு என்ன வீடு கிடைக்கும் என்று தேடிப் பார்த்தவர்கள், சிற்றூரில் இருப்பவரைப் பார்த்துப் பொறாமைதான் படுவார்கள்.

இப்போது மாநில எல்லைக்கு வாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தொட்டதும் புதுச்சேரி. அங்கே மத்திய அரசு விகிதம், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 35,400. அதே தமிழ், அதே வயதுப் பிள்ளைகள். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மேல் சதவீதமாக வருவதால் அந்த 14,800 ரூபாய் இடைவெளி இன்னும் விரியும். உடனே புதுச்சேரிக்கு மூட்டை கட்ட வேண்டாம். அந்த வேலை அங்கே குடியிருப்புச் சான்று உள்ளவர்களுக்கு.

நான் இதுவரை சொன்னது நிரந்தர வேலை. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்பாசிரியர்கள் பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தரும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போவார்கள். எழுந்து வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருவார்கள். நிரந்தர ஆசிரியருக்கு உள்ளதுபோல் ஆண்டு ஊதிய உயர்வும் ஓய்வூதியமும் அந்த ஏற்பாட்டில் இல்லை. திட்டப் பணத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தபோது, இவர்களுடைய சம்பளத் தேதியும் சேர்ந்தே ஆட்டம் கண்டது. மச்சினர் கேள்விப்பட்ட 'கஞ்சி' இந்தக் கணக்காகத்தான் இருக்கும். அதில் அவர் சொல்வது தப்பில்லை. தனியார் சிறப்புப் பள்ளிகளிலும் தெரபி மையங்களிலும் எழுதிவைத்த விகிதமே கிடையாது, பேரம்தான். சில ஊர்களில் அது ஜவுளிக்கடைச் சம்பளத்தைவிடக் குறைவு.

அப்புறம் ஏன் இந்தப் படிப்பை ஆதரிக்கிறேன்? சட்டம் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. தொடக்க நிலையில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விகிதம் சொன்னது. 2022-இல் மத்திய அரசு அதை அறிவிக்கையாக்கியது. நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. அரசுகள் மெதுவாகத்தான் நகரும். ஆனால் பணியிடம் வரும்போது பதிவு பெற்றவர் மட்டுமே விண்ணப்பிக்க முடியும்.

அந்தப் பதிவுதான் முக்கியம். இந்திய மறுவாழ்வுக் கழகம், ஆர்சிஐ என்பார்கள், தன் மத்தியப் பதிவேட்டில் தரும் எண். அது இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது சட்டப்படி குற்றம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சிப் புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழி டி.எட். சிறப்புக் கல்வி என்ற டிப்ளமோ, இரண்டு ஆண்டு. சேரும்போதே அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வை, பல்வகைக் குறைபாடு என்று ஒரு பிரிவை எடுக்க வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. சிகிச்சைப் பிரிவும் படிப்பும் ஒரே வளாகத்தில் நடப்பதால், பாடத்தில் படித்த பிள்ளையை அங்கேயே நேரில் பார்க்கலாம். அங்கே கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

டிப்ளமோவோடு நின்றால் மறுபடி தொகுப்பூதியம்தான். கூடவே அஞ்சல்வழியிலாவது ஒரு பட்டம், சிடெட் என்கிற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு, கேந்திரிய வித்யாலயாவை நினைத்தால் இந்தியும் வேண்டும். இந்தி பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. கேந்திரிய வித்யாலயாவில் எங்கே போடுவார்கள் என்று தெரியாது. முதல் பணியிடம் அசாமாகவும் இருக்கலாம், ராஜஸ்தானாகவும் இருக்கலாம். மகளைத் தனியே அனுப்ப மனசு வருமா என்று இன்றே வீட்டில் பேசிவிடுங்கள். வேலை ஆணை வந்தபிறகு பேசினால் அவளுடைய இரண்டு வருடம் வீண்.

அமெரிக்காவில் இதற்கு நல்ல பணம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அங்கே பெரும்பாலும் பள்ளி மாவட்டத்துக்குப் பள்ளி மாவட்டம் ஊதிய அட்டவணை மாறும். உள்ளூர்ச் சொத்து வரியும் அதற்கு ஒரு பெரிய ஆதாரம். கலிபோர்னியாவில் வாங்குவதை மிசிசிப்பியில் எதிர்பார்க்க முடியாது. பட்டமும் அந்தந்த மாநிலத்து உரிமமும் இல்லாமல் வகுப்பறைக்குள் விடமாட்டார்கள். இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'சேவை மனப்பான்மை' என்று யாராவது சொல்லி அவள் இதில் இறங்கினால் ஆறு மாதம் தாங்க மாட்டாள். உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்திலோ பக்கத்துச் சிறப்புப் பள்ளியிலோ கேட்டு, இந்த விடுமுறையில் இரண்டு வாரம் உதவிக்குப் போகச் சொல்லுங்கள். எச்சில் துடைப்பது, வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, ஒரே சட்டைப் பொத்தானை மூன்று மாதம் போடக் கற்றுக்கொடுப்பது, 'நேத்துகூடச் செஞ்சானே' என்று அழும் அம்மாவிடம் பேசுவது, இவைதான் அன்றாடம். திரும்பி வந்து "போறேம்பா" என்றால் சேருங்கள். தயங்கினால் பி.காமோ வேறு எதுவோ, அவள் சொல்வதைக் கேளுங்கள். மச்சினரைக் கேட்காதீர்கள்.

சேருவதென்றால், கட்டணம் கட்டும் முன் ஆர்சிஐ இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் பிரிவு, இந்த ஆண்டுக்கான அனுமதி மூன்றும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். சென்ற ஆண்டு அனுமதியைக் காட்டி இந்த ஆண்டு பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்கும் கடன் வேண்டாம். தொகுப்பூதியத்தில் தொடங்க நேர்ந்தால், அந்தப் பணத்தில் தவணை கட்ட முடியாது.